சட்டசபையில் ஒரு பொன்னாடை

நவம்பர் 14, வியாழன்

நித்திரை வரவில்லை. இன்று தமிழ்ச் சங்கத்தார் மாநிலச் சட்டசபையைப் பார்க்கப் போனோம். மொழிபெயர்க்க நான். எங்களை அழைத்த உறுப்பினருக்குப் போர்த்தப் பொன்னாடையோடு யோகன் அண்ணை.

தாழ்வாரச் சுவரில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கே உறுப்பினர்களாக இருந்தவர்களின் படங்கள். இவர்களில் பலர் முன்பு நாஜிக் கட்சியில் இருந்தவர்கள் என்று சுற்றிக்காட்டிய பெண் சாதாரணமாகச் சொன்னாள். நாட்டைக் கட்ட ஆட்கள் தேவைப்பட்டார்களாம். அதனால் பழசைக் கிளறவில்லையாம்.

“என்னவாம், தங்கச்சி?” என்றார் அண்ணை.

அண்ணை ஊரில் பதினாறு வயதில் இயக்கத்துப் போராளிகளுக்குச் சோறு சமைத்தவர். அதைக் காரணம் காட்டித்தான் போன மாதமும் அவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமையை மறுத்தார்கள். ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன்.

அவர் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவையும் தோத்தவை. நாங்களும் தோத்தனாங்கள்தானே?”

அதற்குள் உறுப்பினர் வந்துவிட்டார். அண்ணை பொன்னாடையை விரித்து, சுருக்கமில்லாமல் அவர் தோளில் போர்த்தினார். நாங்கள் கைதட்டினோம். உறுப்பினர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, வரும் தேர்தலில் தன்னை மறந்துவிட வேண்டாம் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், வாக்குரிமையே இல்லாத அண்ணை, ஓம் என்பதற்கு இங்கத்தைய சொல்லான “யா, யா”வைச் சொல்லித் தலையாட்டினார். அதை உறுப்பினருக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.