எடுத்துக் கொடுக்காதே

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். போன முறை அதை ஒப்புக்கு எழுதினேன், இந்த முறை நிஜமாகவே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நன்றாக இருக்கவேண்டும்.

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு நின்றபின் பயிற்சிக்கென்று நீயும் உன் ஆய்வுக்கூடத்து ஆட்களும் செய்து அனுப்பிய பேசும் கருவியைச் சாப்பாட்டு மேசையில்தான் வைத்திருக்கிறேன். குரல் தேன் மாதிரி இருக்கிறது, குறை சொல்லக்கூடாது, ஆனால் பொறுமை கிடையாது. அம்மா 'த' என்று தொடங்கினாலே தண்ணீரா, தட்டா, தலைவலியா என்று கேட்டுவிடும். அவளும் தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். துணிக்கடையில் வேலை பார்த்தபோது கைக்குட்டை வாங்க வந்தவரைப் பேசியே போர்வையோடு அனுப்பியவள். எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படியே தலையாட்டிப் பழகிவிட்டால் சொல் திரும்புவது கஷ்டம் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணும் சொல்லிவிட்டுப் போனாள். கல்லூரியில் நீ முதன்முதலில் செய்தது நினைவிருக்கிறதா, கணினியில் எதைத் தட்டினாலும் 'இன்னும் சொல்லுங்கள்' என்று மட்டும் பதில் எழுதுமே? பாதித் தூக்கத்தில் உம் கொட்டும் உன் மாமா மாதிரி இருக்கிறது என்று அம்மா சிரித்தாள். அப்புறம் போனில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று குரல்கள் ஓட்டிய காலம். இப்போது வந்திருப்பதற்கு எல்லாம் தெரிகிறது, அதுதான் வம்பு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா 'ஜ' என்றாள். ஜன்னலா, ஜலதோஷமா என்று அது ஆரம்பித்தது. அவள் மேசையைத் தட்டினாள். அது மறுபடியும் கேட்டது. உடனே, "நீ சும்மா இரு, நான் சொல்றேன்" என்று ஒரு குரல். என் கையிலிருந்த தட்டு தொட்டியில் விழுந்துவிட்டது. மாதக்கணக்கில் ஒரு சொல்கூட முழுதாக வராத வாயில் வந்த முதல் வாக்கியம் ஒரு திட்டு. கருவி மன்னிப்புக் கேட்டுவிட்டு அடங்கியது. வெகுநேரம் தேடித் தேடி, கடைசியில் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள், மழை வருகிறதாம். அது முதலில் கேட்டதே சரிதான், ஆனாலும் தானே சொல்லவேண்டும் அவளுக்கு. ஓடிப்போய்ச் சாத்தினேன். நான் அழுததை அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வரப்போகும் கருவி கண் இமைப்பதற்குள் பதில் சொல்லும் என்று பெருமையாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் காத்திருக்கத் தெரிந்த ஒன்றையும் செய்யவேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் எழுந்து சொல்லு. உன் மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அம்மா கதையைச் சொல்லிவிடு.

எடுத்த காரியம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவே உனக்குப் போன் செய்யப் போகிறாளாம். சத்தம் வரவில்லையே என்று வைத்துவிடாதே. உன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பாள். எடுத்துக் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அப்பா