என்ஜின் மவுண்டிங் மாத்தியாச்சு

என்னங்க,

காரை எடுத்துட்டுப் போறேன். சாவி உங்க சட்டைப் பையில இருந்துச்சு. பத்து மணிக்குக் கோமதிக்கு ஸ்கேன். அசோக் நகர் போய் அவளைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி, அப்புறம் நேரா நம்ம வீடு. ஏழு மாச வயித்தோட நம்ம பொண்ணு ஆட்டோவுல வர வேண்டாம்.

நேத்து நீங்க கடைக்குப் போனதும் வண்டியைக் கோடம்பாக்கம் காதர் பாய்கிட்ட காட்டினேன். சிக்னல்ல நின்னா உதறுதுன்னு சொன்னேன். பானட்டைத் திறந்து பார்த்துட்டு, "இன்னாம்மா, என்ஜினைத் தாங்குற ரப்பரே கிழிஞ்சு கீது. ஓட்டுறவங்க இன்னா பண்ணுவாங்க?"ன்னார். மவுண்டிங் எல்லாம் புதுசா மாத்திட்டார். இப்ப சிக்னல்ல நின்னா என்ஜின் ஓடுதான்னே தெரியல.

"உனக்கு ஓட்டத் தெரியல, அதான் ஆடுது"ன்னு மாப்பிள்ளை எதிர்லயே சொன்னீங்க. நேத்து சாப்பிடும்போது இதைச் சொல்ல ரெண்டு தடவை வாயெடுத்தேன். வரல.

இட்லி ஹாட்பாக்ஸ்ல. பிரஷர் மாத்திரை டிவி மேல.

உங்களை எழுப்பாதது கோபத்துல இல்ல. நீங்க பக்கத்துல உட்கார்ந்தா எனக்குக் கியர் மாத்தவே பயமா இருக்கு.

வடிவு

மறந்துட்டேன்: வண்டியை உள்ள விடும்போது "லெஃப்ட், லெஃப்ட்"னு கத்தாதீங்க. கேட்டை மட்டும் திறந்து விடுங்க.