உன் கடைசி வாளி பியரை அளந்த கதை

என் தங்கச்சியைக் கட்டிய அன்றைக்கே என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட என் அன்பு மச்சான் குகன்,

நீ செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு உனக்குக் கடைப் பியர்தான் வாங்கிப் படைத்தோம். கோபிக்காதே. நீ காய்ச்சிய பியர் ஒரு வாளி உடுப்பு அலுமாரிக்குள் இருப்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. மறுநாள் துவாய் தேடப்போன தங்கச்சி வதனிதான் கண்டாள். என் பேஜர் அடித்தது. திரும்பிப் போன் எடுத்தால், "அண்ணை, உங்கடை மச்சான் ஒரு வாளியை வைச்சிட்டுப் போயிருக்கிறார். நான் உதை என்ன செய்ய?" என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று போனில் பிடிபடவில்லை.

வேலை முடிந்து பிக்கரிங்கில் என் வீட்டுக்குப் போகாமல் நேரே ரெக்ஸ்டேலில் உன் வீட்டுக்கு வந்தேன். வாளியில் ஒட்டிய டேப்பில் உன் கோழிக் கிறுக்கல்: ஞாயிறு, 1.044. ஈஸ்ட் போட முதல் ஹைட்ரோமீற்றரில் எடுத்த சீனி அளவு. அதை எழுதி மூன்று நாளில், புதன்கிழமை, நீ வேலைத்தலத்தில் விழுந்தாய்; எழும்பவேயில்லை. மிச்ச அளவுகளை என் தலையில் கட்டிவிட்டாய்.

"ஊத்திவிடட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு ஒருக்கா அளப்பம். மூண்டு நாள் விட்டுத் திரும்பி அளப்பம். ரண்டும் ஒண்டா இருந்தால்தான் போத்திலிலை அடைக்கலாம்."

"குமிழி நிண்டுபோச்சே அண்ணை?"

குமிழியை நம்பித்தானே முதல் தடவை கெட்டோம்! உங்கள் ஐந்தாவது கலியாண நாளுக்குக் கொடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் அளக்காமலே அடைத்தோம். உள்ளே சீனி மிச்சம் இருந்து, புளித்து வாயு கட்டியிருக்கிறது. அலுமாரிக்குள் பதினொரு போத்தல் வெடித்து, வதனியின் கூறைச்சேலை முழுக்கப் பியர். உடுப்பு வெளுக்கிற கடைக்காரன் சேலையை மணந்து பார்த்துவிட்டு, கலியாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டானாம். அவள் இரண்டு கிழமை நம் இருவரோடும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நீ மற்றப் பக்கம் போனாய். ஒவ்வொரு நாளும் மூடியைத் திறப்பாய். குழாயில் வார்த்து அளப்பாய். அளந்ததைக் குடிப்பாய். அடைக்கும் நாளில் வாளி கால்வாசி குறைந்திருக்கும். நான்தான் சட்டம் போட்டேன். ஈஸ்ட் போட முதல் ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று, மூன்று நாள் விட்டு இன்னொன்று. இடையில் மூடியைத் தொட்டால் கிருமி போய்ப் பழுதாகிவிடும். "திறந்து திறந்து பாராதை மச்சான். பொறு, தானாச் சரிவரும்."

அந்தச் சொல்தான் இப்போது என்னைத் தின்கிறது.

அந்த ஞாயிறு வாளியை மூடும்போது நீ நெஞ்சைத் தடவினாய். "ரண்டு நாளா இஞ்சை ஒரு இறுக்கம் மச்சான். டொக்டரிட்டைக் காட்டுவமோ எண்டு பாக்கிறன்." நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது வாய்வு. பொறு, தானாச் சரிவரும்" என்றேன். பியருக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். ஏன்டா என்னை நம்பினாய்?

இதை வதனியிடம் எப்படிச் சொல்வது? முதல் நாள் அளந்தபோது 1.014. சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. மூன்று நாள் கழித்து 1.010. சீனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. "அப்ப இன்னும் முடியேல்லை" என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இன்னும் மூன்று நாள் தவணை கிடைத்தது.

நேற்று மூன்றாம் தடவை. அவளே குனிந்து வாசித்தாள். "அதே 1.010தான், அண்ணை. அசையேல்லை." இனி எனக்குச் சாட்டு இல்லை.

சொன்னேன். நீ நெஞ்சைத் தடவியது, நான் வாய்வு என்றது, பொறு என்றது எல்லாம். "நான் போ எண்டிருந்தால் அவன் போயிருப்பான் பிள்ளை."

அவள் தொட்டியடியில் குழாயைக் கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை. "எனக்கும் சொன்னவர் அண்ணை. செவ்வாய்க்கிழமை. நானும் வாய்வெண்டு உள்ளி அவிச்சுக் குடுத்தனான். குடிச்சிட்டு, இப்ப சுகம் எண்டவர்." தண்ணீரை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் இவ்வளவு நாளும்..."

குசினியில் நின்று இரண்டு பேரும் அழுதோம், குகன். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. உண்மையிலேயே உனக்குச் சுகமாக இருந்ததா? அவள் மனம் நோகக்கூடாது என்று சொன்னாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

பிறகு போத்தல்களை அடைத்தோம். நான் வார்க்க அவள் மூடி போட்டாள். திங்கட்கிழமைக்கு டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறாள், தனக்கும் எனக்கும். "நீங்களும் வாறியள். கதை வேண்டாம்" என்றாள். போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி என் முன்னால் யார் நெஞ்சைத் தடவினாலும் பொறு என்று சொல்லமாட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காரில் ஏற்றுவேன். அந்த ஞாயிறும் என் கார் கீழேதான் நின்றது, மச்சான்.

வதனியின் அண்ணை,
உன்ரை மச்சான்,
தயா