தண்ணீர் இறங்க இறங்க உயரும் பலகை

அன்பு மருமகள் கொலாப்புக்கு,

உன் தாய்மாமன் ரின் தன் சொந்தக் கையால் எழுதுவது. ஏரியின் மேல் நாங்கள் எல்லோரும் நனையாமல் இருக்கிறோம். புனோம்பென் தையல் தொழிற்சாலையில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுத எழுத ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்துக்கொண்டு வருகிறாள். "மூணு நாளா எழுதுறேன்னு எழுதுடா" என்கிறாள். சரி, மூன்று நாள். ஆமாம் கொலாப், உன் அம்மா படிக்கிறாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன மழைக்காலத்தில் நம் மிதக்கும் கிராமத்துக்கு ஒரு படிப்பு வீடு வந்து சேர்ந்தது. மூங்கில் தெப்பத்தின் மேல் தகரக் கூரை, ஒரு கரும்பலகை, தாவி என்று ஒரு டீச்சர். மதியம் வலை அலசி முடித்த பெண்கள் ஆளுக்கொரு படகில் வருவார்கள். எல்லோரும் கரும்பலகைப் பக்கம் உட்கார்ந்தால் தெப்பம் சாய்ந்துவிடும். அதனால் டீச்சர் என்னை எதிர்மூலையில் தனியாக உட்காரச் சொல்லியிருக்கிறார். படித்தவனுடைய அறிவின் கனம் அங்கே தேவைப்படுகிறது என்று விளக்கினேன். "அறிவுக் கனம் இல்லடா, வயித்துக் கனம்" என்றாள் உன் அம்மா. வகுப்பே சிரித்ததில் தெப்பம் ஆடியது.

அங்கே உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. தண்ணீரில் பட்ட வெயில் கூரையின் அடியில் நெளிந்துகொண்டே இருக்கும். வீடு தன் கயிற்றில் மெதுவாகத் திரும்பும். பாடம் தொடங்கும்போது வாசலில் கோயில் தெரியும், முடியும்போது அதே வாசலில் வெறும் ஏரி. எழுத்துகளை எல்லோரும் சேர்ந்து சொல்லும் சத்தம் தண்ணீர் மேல் வெகு தூரம் போகும். ஒரு நாள் அதைக் கேட்டு ஒரு முதலை வந்து... சரி, முதலையை எடுத்துவிடச் சொல்கிறாள். எடுத்துவிட்டேன்.

ஒரு நாள் தாவி டீச்சர், வீட்டிலிருந்து எழுத்து உள்ள ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றார். ஒருத்தி மீன்சாறு பாட்டில் கொண்டுவந்தாள், ஒருத்தி மாத்திரை அட்டை. உன் அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு முன் புத்தாண்டுக்கு நீ அனுப்பிய கடிதத்தை எடுத்து வந்தாள். அது அவளுக்கு மனப்பாடம். நான்தான் எத்தனையோ தரம் படித்துக் காட்டியிருக்கிறேனே: நான்கு மாடி வீட்டில் இருக்கிறாய், தண்ணீரிலேயே ஐஸ் போட்டுத் தருகிறார்கள், முந்நூறு பெண்களுக்கு நீதான் தலைவி.

அவள் விரலை வைத்துப் படித்தாள். முதல் வரி முடிந்ததும் நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். பிறகு, "டீச்சர், நான் தப்பாப் படிக்கிறேன் போல. இதுல மாடியே வரலையே" என்றாள். டீச்சர் குனிந்து பார்த்தார். "சரியாத்தான் படிக்கிறீங்க, அக்கா" என்றார்.

கொலாப், உன் மாமன் சிறு வயதில் ஒரு மழைக்காலம் புத்த விகாரையில் துறவியாக இருந்து எழுத்துகளைக் கரைத்துக் குடித்தவன். கடைசிச் சில எழுத்துகளுக்கு வருவதற்குள் மழைக்காலம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான். உன் கடிதங்களில் அந்த எழுத்துகளே அதிகம். தெரியாத இடங்களை எனக்குத் தெரிந்த நல்ல விஷயங்களால் நிரப்பினேன். அக்கா முகம் மலர்வதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நிரப்பினேன். உன் புத்தாண்டுக் கடிதத்துக்குப் பதிலாக, எல்லோரும் சௌக்கியம் என்று ஐஸ் படகுக்காரனிடம் வாயால் சொல்லி அனுப்பினேன். நீ அதில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. விகாரை மேல் ஆணையாகத் தெரியாது.

நீ உன் அம்மா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படகேறிய விடியலில், "இனி இந்த வீட்டுக் கயித்தைப் பிடிச்சு ஏறாதே" என்றாளே, அதைத்தான் எழுதியிருந்தாய். "அம்மா, கயிற்றைப் பிடிக்கலாமா? ஒரு வார்த்தை போதும். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று புரிந்துகொள்வேன்."

உன் அம்மா அதை வகுப்பில் சத்தமாகத்தான் படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் என் தட்டில் மீன் விழவில்லை. மூன்றாம் நாள், "அவ பெரிய இடத்துக்குப் போயிட்டா, நம்மளக் கேக்க மாட்டான்னுல்ல நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது தண்ணீர்த் திருவிழா முடிந்து ஏரி இறங்குகிறது. கிராமம் ஆழத் தண்ணீருக்கு நகர்ந்துவிட்டது. படிப்பு வீட்டை இழுத்துப் போன அன்று வகுப்பும் நடந்தது. மூழ்கிய மரங்களுக்கு நடுவே தொடங்கிய வரியை வாய்க்கால் முகத்தில் படித்து முடித்தோம். பனியில் நாங்கள் நின்றிருக்க மரங்கள்தான் போவது போல இருந்தது. நம் வீட்டை மட்டும் உன் அம்மா அவிழ்க்க விடவில்லை. "அவ வந்தா இங்கதானே தேடுவா" என்றாள். வீட்டின் ஒரு மூலை சேற்றைத் தொட்ட பிறகுதான் சம்மதித்தாள். அதற்கு முன் என் படகில் உட்காரும் பலகையைக் கழற்றி, தார் தொட்டு அதில் எழுதினாள். ஒரு பகல் முழுக்க எழுதினாள். வீட்டைக் கட்டியிருந்த பெரிய மரத்தில் நானே ஆணி அடித்தேன். அன்றிலிருந்து நின்றுகொண்டேதான் துடுப்புப் போடுகிறேன்.

இந்தக் கடிதத்திலும் ஒரு வரி எழுது என்று அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். "எழுத வேண்டியத மரத்துல எழுதிட்டேன்" என்கிறாள். அதனால் அதைப் பார்த்து எழுதி வந்ததை இங்கே தருகிறேன். ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை. அவள் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டாள்.

"கொலாப், வீடு வாய்க்கால் முகத்தில். கயிற்றைப் பிடித்து ஏறு. அம்மா."

தண்ணீர் இறங்க இறங்க அந்தப் பலகை உயரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், மகளே. வரும்போது அண்ணாந்து பார்.

உன் வழித் தண்ணீர் அமைதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் ஒன்பது எழுத்துகள் படிக்க வேண்டிய
உன் மாமன் ரின்