சந்தா நின்றுபோன நாள்

மாசி, செவ்வாய் இரவு

இறந்துபோன என் தம்பி ஓர் இணைய விளையாட்டில் இன்னும் வாளோடு நிற்கிறான். சந்தா நின்றால் அவனை அழித்துவிடுவார்கள் என்று அவன் மனைவி கவிதா மாதந்தோறும் கட்டிவந்தாள். இன்று கம்பெனி ஆட்டத்தை இலவசமாக்கிவிட்டது. பெருந்தன்மைதான். ஆட்டத்தில் மாட்டிக்கொள்ளும் தொப்பிக்கும் செருப்புக்கும் மட்டும் காசாம்.

சின்னசேலத்திலிருந்து கவிதா போன் செய்தாள்.

"இனிமே காசே வாணாமாம் மாமா."

"நல்லதுதானேம்மா?"

"இன்னா நல்லது? அமாவாசைக்குப் படைக்கறாப்புல கட்டிக்கினு இருந்தேன். இப்ப ஆடாதவங்க பேரையெல்லாம் எடுத்துருவாங்களாம்."

அதனால் அவன் பெயரில் அவளே உள்ளே போயிருக்கிறாள். உடனே அவனோடு ஆடிய யாரோ, "அண்ணா, இத்தினி நாளா எங்க போயிட்டீங்க?" என்று எழுதியிருக்கிறான்.

"நீ இன்னாம்மா சொன்ன?"

"வூட்ல கொஞ்சம் வேலைன்னு போட்டேன். நாளைக்குச் சண்டைக்குக் கூப்புடறாங்க மாமா."

"பாத்து ஆடும்மா, செத்துடப் போறான்" என்றேன்.

அதன்பின் இருவருமே போனை வைக்கவில்லை.