பிசிறில்லை, அது தோல்

என்னங்க,

தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கான ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் தட்டைத் தொட வேண்டும்.

மத்தியானம் நர்ஸம்மா கட்டு மாற்ற வருவார். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுந்து போய்க் கதவைத் திறக்காதீர்கள்.

போன வாரம் உங்கள் கால் புண்ணில் ஒட்டிய சவ்வு, புதுத் தோல் வளர்வதற்காக டாக்டர் வைத்தது. கட்டைப் பிரித்து, அதன் ஓரத்தைப் பிசிறு என்று தையல் கத்தரியால் நறுக்கிவிட்டு, "தொங்கிட்டிருந்துச்சு, நறுவிசா வெட்டிட்டேன்" என்று பெருமை வேறு! கத்தாமல் என்ன செய்வேன்? "வலிக்கவே இல்லையே" என்கிறீர்கள். வலித்திருந்தால் இந்தப் புண்ணே இவ்வளவு தூரம் வந்திருக்காது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை ஒட்டிப் பாக்கலாம்மா. ஆனா பிடிக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

கத்தியதற்கு வருத்தம்தான். காலைத் தலையணைமேல் தூக்கி வையுங்கள்.

பி.கு.: தையல் மெஷின் பெல்ட்டைத் தேடாதீர்கள். என் பையில் இருக்கிறது.

இன்னொன்று: வேலை முடிந்து வரும் வழியில் மெஷினுக்கு மோட்டார் விசாரித்துவிட்டு வருகிறேன். அதை மிதிக்க ஒரு கால் போதுமாம்.