சாமிகிட்டப் போன அம்மா

அன்பு மகன் தமிழரசுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், உன் மகள் தனப்பிரியா நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள், அங்கே நீயும் வண்டி ஆட்களும் சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் சாமி என்று கூப்பிடுகிற அப்பன் இன்றைக்குப் பெயரைப் போட்டு எழுதுகிறானே என்று நினைப்பாய், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். போனில் பேசினால் பாப்பா காதில் விழும், நீயும் பாதியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால் நீ இருக்கிற ராய்ப்பூருக்கு போர் போடுகிற ரிக் வண்டி எடுத்துப் போகிற மதியழகனிடம் கொடுத்துவிடுகிறேன். மேச்சேரி ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, பாப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிரவீனா செத்து நான்கு மாதம் ஆகிறது. தவறிப்போய் என்று எழுதத்தான் கை வந்தது, அப்படி மழுப்பித்தான் இவ்வளவு வினையும். உன் பெண்டாட்டி புற்றுநோயில் கிடந்த கடைசி இரண்டு மாதமும் பாப்பாவை அயோத்தியாப்பட்டணத்தில் உன் அக்கா வீட்டில் விட்டு வைத்தோம், பிணத்தை எடுத்த அன்றைக்கும் கூட்டி வரவில்லை, பயந்துகொள்வாள் என்று நீயும் நானும் சேர்ந்து செய்த முடிவு. காரியம் முடிந்து நீ கிளம்பின பிறகு வந்தவள் அம்மா எங்கே அப்பாரே என்று இந்தத் தாத்தனிடம் கேட்டாள். அம்மா சாமிகிட்டப் போயிட்டா கண்ணு என்று நான்தான் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தால் சிரித்தாள், எனக்கும் பெரிய சாமர்த்தியக்காரன் என்று நினைப்பு. இந்த வீட்டில் நாங்கள் வாய்க்கு வாய் சாமி என்று கூப்பிடுவது உன்னையும் அவளையும்தானே. அவள் இங்கே இருக்கிறாள், மிச்சம் நீ. அம்மா உன்னிடம் இருக்கிறாள் என்று நான்கு மாதமாக நம்பியிருக்கிறாள் ஏழு வயசுப் பிள்ளை.

வீடியோ காலில் போனைத் திருப்பிக் காட்டுங்கப்பா என்று ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டது அதற்குத்தான். நீ ரிக்கைக் காட்டினாய், பிறகு கூப்பிடுவதையே நிறுத்திக்கொண்டாய். உனக்குத் துக்கம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பெற்ற பிள்ளையின் முகத்துக்குப் பயந்து ஓடுகிற ஒருத்தனை வளர்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் அவளுக்கு டெங்கு வந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் போட்டோம். காய்ச்சல் இறங்கவே இல்லை. விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் ராசாத்தி தலையணை உறைக்குள்ளிருந்து ஒன்பது மாத்திரை எடுத்தாள். ஏன் கண்ணு முழுங்கல என்று கேட்டால், சீக்கு ஜாஸ்தியானா என்னையும் சாமிகிட்ட உட்டுருவீங்கல்ல, அம்மாவ அப்படித்தானே உட்டீங்க என்றாள். ராசாத்தி என்னை வெளியே கூட்டிப் போய், செத்துட்டாங்கன்னே சொல்லுங்கய்யா, போயிட்டாங்க தூங்கறாங்கன்னு சொன்னா அந்தப் புள்ள தேடிக்கிட்டேதான் இருக்கும் என்றாள்.

நேற்று வந்ததும் மடியில் உட்கார வைத்து, அம்மாவுக்குப் பெரிய நோவு, மருந்து கேக்கல, செத்துட்டா, இனி வர மாட்டா, உன்மேல ஒரு தப்பும் இல்ல சாமி என்றேன். அழவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தவள், அப்பாகிட்டத்தானுங்க போனா, அப்பா ஏனுங்க அப்பாரே பாத்துக்கல என்று கேட்டாள். உன் அப்பனிடம் வரவில்லை, நான் சொன்னது கோயில் சாமியை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்படீன்னா அப்பா ஏன் போனத் திருப்பிக் காட்டல என்றாள். இதற்கு நீதான் வந்து பதில் சொல்ல வேண்டும். எழுந்து போகும்போது, என்னையும் சாமின்னு கூப்பிடாதீங்க அப்பாரே, ஆராச்சும் எங்கிட்ட வந்து செத்துருவாங்க என்றாள்.

அதனால்தான் பெயரைப் போட்டு எழுதினேன். இந்த வீட்டில் இப்போது அந்தச் சொல் கிடையாது. உன் அம்மாகூட விளக்கேற்றி வாயைத் திறக்காமல் கும்பிடுகிறாள்.

உனக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம், வழியில் பத்திரம். இந்த வாரமே வா, பொங்கலுக்கு என்று தள்ளாதே. பொம்மை ஒன்றும் வேண்டாம், அவள் எதிரே உட்கார்ந்து செத்துட்டா என்பதை உன் வாயால் சொல். ஒன்றை மறந்துவிடாதே. நீ வண்டியிலிருந்து இறங்கினதும் அவள் உன் முகத்தைப் பார்க்க மாட்டாள், உனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்றுதான் பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கிறவரை அசையாமல் நில்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னண்ணன்